பாதியில நிறுத்துன சூப்பர்ஹீரோ சீரீஸ்: ரசிகர்களுக்கு ஏன் இவ்ளோ கோவம் வருது

2019 மே 31ம் தேதி டிசி யுனிவர்ஸ்ங்கிற ஸ்ட்ரீமிங் சர்வீஸ்ல ஸ்வாம்ப் திங் சீரீஸோட முதல் எபிசோடு வந்துச்சு, ஜூன் 6ம் தேதியே சீரீஸ் கேன்சல்னு நியூஸ் வந்துருச்சு. ரெண்டாவது எபிசோடு கூட அப்போ வரல. முதல் எபிசோடு பார்த்துட்டு அட நல்லா இருக்கேன்னு நாலு பேர்கிட்ட சொல்லக் கூட டைம் குடுக்கல. ஜனங்க பார்க்கல அதனால நிறுத்திட்டோம்னு சொல்லவும் வழியில்ல, ஏன்னா பார்க்குறதுக்கு அதுவரைக்கும் இருந்ததே ஒரே ஒரு எபிசோடுதான். ஷூட்டிங் நடக்கும்போதே 13 எபிசோடுன்னு இருந்ததை 10ஆ குறைச்சிருந்தாங்க, அப்பவே உள்ள ஏதோ சரியில்லன்னு ஒரு பேச்சு இருந்துச்சு, இருந்தாலும் ஒரே வாரத்துல கையைக் கழுவுவாங்கன்னு யாரும் எதிர்பார்க்கல.

இதுல இன்னும் கொடுமை என்னன்னா, கேன்சல் ஆன சீரீஸ்னு தெரிஞ்சே ஆகஸ்ட் 2 வரைக்கும் வாரா வாரம் ஜனங்க உக்காந்து பார்த்தாங்க. போகப் போக சீரீஸ் நல்லாவும் ஆச்சு. ஒன்பதாவது எபிசோடுல லேப்ல வச்சு ஸ்வாம்ப் திங்கோட உடம்பை அறுத்துப் பார்க்குற சீன் வரும், உள்ள இருக்குற உறுப்பெல்லாம் மனுஷ உறுப்பு மாதிரி வடிவத்துல இருக்கும் ஆனா ஒண்ணு கூட வேலை செய்யுற உறுப்பு கிடையாது, எல்லாமே செடி. அதாவது கதையோட ஹீரோவான விஞ்ஞானி அலெக் ஹாலண்ட் செடியா மாறல, அவன் எப்பவோ செத்துட்டான், அவனோட ஞாபகத்தை எடுத்துக்கிட்டு தன்னை அலெக்னு நம்பிக்கிட்டு இருக்குற ஒரு செடிதான் இது. 1984ல ஆலன் மூர் எழுதின காமிக்ஸ்ல இருந்து வந்த ஐடியா, காமிக்ஸ் படிச்சவங்க முதல் எபிசோடுல இருந்தே இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க. அது வந்து சேர்ந்த அடுத்த எபிசோடோட கதை காலி. கடைசி எபிசோடு டைட்டில் ஓடி முடிஞ்சப்புறம் ஊரே கொடி படர்ந்து வெறிச்சோடிக் கிடக்க, போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள ஜேசன் வுட்ரூங்கிற விஞ்ஞானி செடி மனுஷனா மாறி நிப்பான். அடுத்த சீசனோட வில்லன் இவன்தான்னு காட்டுற சீன் அது, அந்த அடுத்த சீசன் வராதுன்னு பார்க்குற அத்தனை பேருக்கும் ரெண்டு மாசமாவே தெரியும்.

அப்போ ஜனங்க என்ன பண்ணாங்கன்னு கவனிச்சா, இந்த மாதிரி கேன்சலுக்கு ரசிகர்கள் எப்படி ரியாக்ட் பண்றாங்கங்கிறது மொத்தமும் அதுலயே தெரியும். முதல்ல ஏன்னு கேட்டாங்க. கம்பெனி பக்கம் இருந்து ஒழுங்கா ஒரு பதிலும் வரல. பதில் வராத இடத்துல வதந்தி வந்து உக்காரும், அதுதான் நடந்துச்சு. நார்த் கரோலினா மாநிலம் தர்றதா சொன்ன வரிச் சலுகையில ஏதோ கணக்கு தப்பாயிடுச்சு, கோடிக்கணக்குல துண்டு விழுந்துருச்சு, அதான் நிறுத்திட்டாங்கன்னு ஒரு கதை தீ மாதிரி பரவுச்சு. அந்த மாநிலத்தோட ஃபிலிம் ஆபீஸே அப்படியெல்லாம் இல்லன்னு மறுத்துச்சு, ஆனா மறுப்பு வர்றதுக்குள்ள வதந்தி ஊரைச் சுத்தி வந்துருச்சு, இன்னைக்கும் யாரைக் கேட்டாலும் வரிக் கணக்குல சொதப்பிட்டாங்கன்னுதான் சொல்றாங்க. நான் இதுல ரசிகர்களைக் குறை சொல்ல மாட்டேன். இவ்ளோ அபத்தமான ஒரு முடிவுக்கு மனசு ஒரு காரணம் தேடத்தான் செய்யும், உண்மையான காரணத்தை வச்சிருக்கிறவன் வாயைத் திறக்கலன்னா கிடைச்ச காரணத்தைப் பிடிச்சுக்குவாங்க.

சரி, எத்தனையோ சீரீஸ் நிக்குது, போலீஸ் கதை நிக்குது, குடும்பக் கதை நிக்குது, சூப்பர்ஹீரோ சீரீஸ் நின்னா மட்டும் ஏன் இவ்ளோ சத்தம். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுக்குப் பெரிய காரணம் கதையோட அமைப்புலயே இருக்கு. இந்த சீரீஸ்கள்ல முதல் சீசன் முழுக்க ஒருத்தன் ஹீரோவா ஆகுற கதைதான் ஓடும், சக்தி வரும், அதைப் பார்த்து பயப்படுவான், யார் மேலயோ தெரியாம பிரயோகிப்பான், யாரையாவது இழப்பான், கடைசி எபிசோடுலதான் நிமிர்ந்து நிப்பான். அதாவது நமக்குப் பார்க்கணும்னு ஆசையா இருக்குற ஹீரோ சீசன் முடியுற இடத்துலதான் பொறக்குறான். அங்க வெட்டுனா எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் உக்காந்து பார்த்ததெல்லாம் முன்னுரையா மட்டும் நின்னு போயிடும். அதோட காமிக்ஸ் படிச்சவங்களுக்கு அடுத்து என்ன வரணும்னு ஏற்கனவே தெரியும், எந்த வில்லன், எந்தக் கதை, யார் யாருக்கு துரோகம் பண்ணுவான்னு எல்லாம் தெரியும், கண்ணு முன்னாடி வரப்போகுதுன்னு நம்பினது வராம போறது சாதாரண ஏமாற்றம் இல்ல. செலவும் ஒரு காரணம்தான், கிராஃபிக்ஸ், சண்டை, காஸ்ட்யூம்னு ஒரு எபிசோடுக்கே எக்கச்சக்கமா ஆகும், அதனால சுமாரா ஓடுற காமெடி சீரீஸ் தப்பிச்சுக்கும், அதே அளவு ஓடுற சூப்பர்ஹீரோ சீரீஸ் தப்பிக்காது.

இப்போ கம்பெனிக்காரங்க எப்படிக் கணக்குப் பார்க்குறாங்கன்னு பார்த்தா இன்னும் கொஞ்சம் புரியும். 2019ல பிரிட்டன் நாடாளுமன்றக் கமிட்டி ஒண்ணுக்கு நெட்ஃப்ளிக்ஸ் ஒரு கடிதம் அனுப்புச்சு, அதுல பார்க்குறவங்களை மூணு வகையா பிரிக்கிறோம்னு சொல்லியிருந்தாங்க: ஆரம்பிச்சவங்க, பார்த்தவங்க, முடிச்சவங்க. சீரீஸா இருந்தா ஒரு சீசன்ல 90 சதவீதம் பார்த்தாத்தான் முடிச்சவங்க லிஸ்ட்ல வருவீங்க. இந்தக் கணக்கை முதல் 7 நாளுக்கும் முதல் 28 நாளுக்கும் எடுக்குறாங்க. சேர்மானமா இன்னொண்ணும் இருக்கு, ஒரு சீரீஸுக்கு வயசு ஆக ஆக நடிகர்கள், எழுத்தாளர்கள் சம்பளம் ஏறும், தயாரிப்பு கம்பெனிக்குக் குடுக்க வேண்டிய போனஸும் ஏறும், அதனால ரெண்டாவது மூணாவது சீசனுக்கு மேல தாண்டணும்னா ஆடியன்ஸும் அந்த அளவுக்கு ஏறணும். 2023 ஜனவரியில நெட்ஃப்ளிக்ஸ் தலைமை அதிகாரிகள்ல ஒருத்தரான டெட் சரண்டோஸ் ஒரு பேட்டியில, ஜெயிச்ச சீரீஸ் எதையும் நாங்க கேன்சல் பண்ணதே இல்லன்னு சொன்னாரு, ரொம்பப் பெரிய பட்ஜெட்ல ரொம்பச் சின்னக் கூட்டத்துக்குப் பேசுற சீரீஸ்கள்தான் போச்சுன்னு அவரோட வாதம். பிசினஸா பார்த்தா அது சரியான வாதம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தச் சின்னக் கூட்டத்துல இருக்குறவங்க முழு சீசனும் பார்த்து முடிச்சவங்க, ரெண்டு தடவை பார்த்தவங்க, அவங்க காதுல இது எப்படி விழும்னு யோசிக்கணும்.

28 நாள் கணக்குல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ரெண்டு மூணு தடவை அடிபட்டவன் என்ன பண்ணுவான்? புது சீரீஸ் வந்த உடனே பார்க்க மாட்டான். ரெண்டாவது சீசன் வரட்டும், கதை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு ஓரமா வச்சுருவான். அவன் பார்க்காததால முதல் மாச நம்பர் குறையும், நம்பர் குறைஞ்சா கேன்சல் ஆகும், கேன்சல் ஆனதைப் பார்த்து பாத்தியா நான் அப்பவே சொன்னேன்லன்னு அடுத்ததுக்கும் காத்திருப்பான், அவனைப் பார்த்து இன்னும் நாலு பேரு காத்திருப்பாங்க. இது ஒரு விஷச் சக்கரம், இதைச் சுத்த ஆரம்பிச்சது ரசிகர்கள் இல்ல. முடியாத கதையில நேரத்தைப் போட மாட்டேன்னு ஒருத்தர் சொன்னா அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா எல்லாரும் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சா புதுசா வர்ற எந்தக் கதையும் முளைக்காது, எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்குறது இந்த இடம்தான்.

எல்லா கேன்சலுக்கும் ஒரே மாதிரி அழுகை இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது. ஜுப்பிட்டர்ஸ் லெகசியை எடுத்துக்கங்க. 2017ல காமிக்ஸ் எழுத்தாளர் மார்க் மில்லரோட காமிக்ஸ் கம்பெனியை நெட்ஃப்ளிக்ஸ் மொத்தமா வாங்குச்சு, அதுல இருந்து வர்ற முதல் பெரிய சீரீஸ், நமக்குன்னு சொந்தமா ஒரு சூப்பர்ஹீரோ உலகம்னு பெரிய எதிர்பார்ப்போட 2021 மே 7 அன்னைக்கு எட்டு எபிசோடு இறக்குனாங்க, ஜூன் ஆரம்பத்துலயே நடிகர்களை எல்லாம் ரிலீஸ் பண்ணிட்டோம்னு நியூஸ். நடிகர்களை ரிலீஸ் பண்ணிட்டோம்னா என்ன அர்த்தம், சீரீஸ் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இதுக்கு வந்த ரியாக்‌ஷன் ரெண்டா பிரிஞ்சுது. கதை ரொம்ப இழுவை, 1930கள்ல தீவைத் தேடிப் போற பயணத்தை எட்டு எபிசோடுக்கும் இழுத்தாங்க, ஹீரோக்கு சக்தி வர்றதைக் காட்டவே கடைசி வரைக்கும் போயிட்டாங்க, நிறுத்துனது நல்லதுதான்னு ஒரு கூட்டம். சரி இழுவைதான், ஆனா கடைசி எபிசோடுல கூடப் பொறந்த அண்ணனே துரோகின்னு காட்டிட்டு நிறுத்துனா எப்படின்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். எனக்கும் அந்த சீரீஸ் பாதி எபிசோடுல சலிப்புதான் தட்டுச்சு, இருந்தாலும் அந்தக் கடைசி அரைமணி நேரம் பார்த்தவங்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு.

நெட்ஃப்ளிக்ஸ்ல மார்வெல் சீரீஸ் எல்லாம் வரிசையா விழுந்த கதை இதுல இருந்து முழுசா வேற. 2018 அக்டோபர் 12 அயர்ன் ஃபிஸ்ட் போச்சு. ஒரு வாரம் கழிச்சு அக்டோபர் 19 லூக் கேஜ் போச்சு, அதே நாள்தான் டேர்டெவில் மூணாவது சீசன் ரிலீஸ். நவம்பர் 29 டேர்டெவிலும் போச்சு. 2019 பிப்ரவரியில பனிஷரும் ஜெசிகா ஜோன்ஸும் ஒண்ணா போச்சு, ஜெசிகா ஜோன்ஸ் மூணாவது சீசன் அப்போ ரிலீஸே ஆகல. இதுல அயர்ன் ஃபிஸ்ட் முதல் சீசன் வந்தப்போ எல்லாரும் திட்டுனாங்க, ரெண்டாவது சீசன்ல நிமிர்ந்து, கடைசி சீன்ல ஜப்பான்ல ஹீரோ டேனி ரெண்டு கையிலயும் துப்பாக்கி எடுத்து அவனோட சக்தி அந்த குண்டுல இறங்கி மினுங்க சுடுவான், அங்க நியூயார்க்ல அவனோட காதலி கொலீன் கையில கத்தி வெள்ளையா ஒளிரும். யப்பா, இப்பதான்டா கதையே ஆரம்பிக்குதுன்னு சீட் நுனிக்கு வந்த நேரத்துல கடையைச் சாத்திட்டாங்க. லூக் கேஜ் ரெண்டாவது சீசன்ல யாரை எதிர்த்து சண்டை போட்டானோ அவங்களோட கிளப்புக்கே முதலாளியா போய் உக்காந்துருவான், நல்லவன் கெட்டவனா மாறுறானா இல்லையான்னு ஒரு கேள்வியோட கதவு மூடும். அந்தக் கேள்வி அப்படியேதான் கிடக்கு. டேர்டெவில்ல ஹீரோ மேட், அவனோட நண்பர்கள் ஃபாகி, கேரன் மூணு பேரும் ஒரு நாப்கின்ல தங்களோட பேரை எழுதி சேர்ந்து வக்கீல் ஆபீஸ் போடலாம்னு முடிவு பண்ணுவாங்க, அது அழகான முடிவு, ஆனா அதுக்கப்புறம் ஆபரேஷன் டேபிள்ல கிடக்குற வில்லன் டெக்ஸோட கண்ணு திறக்கும், உள்ள வட்டம் வட்டமா இலக்கு மாதிரி தெரியும்.

இங்க ஜனங்க கோவம் ஏறினதுக்குக் காரணம், டேர்டெவில் மூணாவது சீசனை எல்லாரும் கொண்டாடிக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் எதுக்கு நிறுத்துறீங்கங்கிற கேள்விதான். பதில் சீரீஸோட தரத்துல இல்ல, சொத்து யாரோடதுங்கிறதுல இருந்துச்சு. அந்த கேரக்டர் எல்லாம் மார்வெலோடது, மார்வெல் டிஸ்னியோடது. டிஸ்னி சொந்தமா ஸ்ட்ரீமிங் ஆரம்பிக்கப் போறோம்னு 2017 ஆகஸ்ட்லயே சொல்லிட்டாங்க, 2019 நவம்பர்ல டிஸ்னி பிளஸ் வந்துச்சு. போட்டிக்காரனோட ஹீரோவுக்கு காசைக் கொட்டி நான் ஏன் விளம்பரம் பண்ணணும்னு நெட்ஃப்ளிக்ஸ் நினைச்சிருந்தா ஆச்சரியமே இல்ல. அதோட, கேன்சல் பண்ணி ரெண்டு வருஷத்துக்கு அந்த கேரக்டர்களை நெட்ஃப்ளிக்ஸுக்கு வெளிய படத்துலயோ சீரீஸ்லயோ கொண்டுவர முடியாதுன்னு ஒப்பந்தத்துல இருக்குன்னு செய்தி வந்துச்சு. இதைக் கேட்ட ரசிகர்கள் சோர்ந்து போவாங்கன்னு பார்த்தா காலண்டர்ல 2020 நவம்பரைக் குறிச்சு வச்சுக்கிட்டாங்க. சேவ் டேர்டெவில்னு ஹேஷ்டேக், லட்சக்கணக்குல கையெழுத்து வாங்கின மனு, டைம்ஸ் ஸ்கொயர்ல விளம்பரப் பலகைன்னு ஓயாம பண்ணாங்க, கோவத்துல ரெண்டு நாள் கத்திட்டு மறந்துபோற கூட்டம் இல்ல அது.

இந்த மாதிரி போராட்டம் எல்லாம் ஜெயிக்குதான்னு கேட்டா, எங்க உரிமை கைமாற முடியுமோ அங்க ஜெயிக்குது. 2018 மே மாசம் ஃபாக்ஸ் சேனல் லூசிஃபரை நிறுத்துச்சு, அதுவும் எந்த இடத்துல, மூணு சீசனா நான்தான் சாத்தான்னு அவன் சொல்லிக்கிட்டே இருப்பான் சொல்லிக்கிட்டே இருப்பான், கடைசி சீன்ல அவனோட நிஜ முகத்தை, கூட வேலை பார்க்குற போலீஸ் க்ளோயி முதல் தடவையா நேருக்கு நேரா பார்ப்பா, அங்க. ஜனங்க கொதிச்சதுல ஒரு மாசம் சொச்சத்துல நெட்ஃப்ளிக்ஸ் எடுத்துக்கிச்சு, 2021ல ஆறாவது சீசனோட கதை ஒழுங்கா முடிஞ்சுது. லூசிஃபரைத் தயாரிச்சது வார்னர், அவங்க யாருக்கு வேணா விக்கலாம், வாங்க ஆள் இருந்துச்சு. அமேசானோட தி டிக் 2019 மே மாசம் நின்னப்போ வேற இடம் தேடிப் பார்த்தாங்க, ரசிகர்களும் கூடவே நின்னாங்க, வாங்க ஆள் வரல, முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் அன்பு ஒரே அளவுதான்.

டேர்டெவிலுக்கு வருவோம். 2021 டிசம்பர்ல ஒரே வாரத்துல மார்வெலோட ஹாக்ஐ சீரீஸ்ல டேர்டெவில் வில்லன் கிங்பின் வந்தான், ஸ்பைடர்மேன் நோ வே ஹோம் படத்துல டேர்டெவிலா நடிச்ச சார்லி காக்ஸ் மறுபடியும் மேட் மர்டாக்கா வந்தாரு. ஜன்னலை உடைச்சுக்கிட்டு ஒரு செங்கல் பறந்து வரும், அவர் திரும்பிக்கூடப் பார்க்காம கையை மட்டும் நீட்டிப் பிடிப்பாரு, கண்ணு தெரியாத ஒரு வக்கீல். அந்த ஒரு நொடிக்கு தியேட்டர்ல கேட்ட சத்தம் மூணு வருஷமா அடக்கி வச்ச சத்தம். 2025 மார்ச் 4 அன்னைக்கு டேர்டெவில் பார்ன் அகெய்ன்னு புது சீரீஸ் டிஸ்னி பிளஸ்ல வந்துச்சு. ஆனா திரும்பி வர்றதும் பழையபடி வர்றதும் ஒண்ணு இல்ல. முதல்ல எடுக்க ஆரம்பிச்சப்போ கேரனும் ஃபாகியும் இல்லன்னு தகவல் வந்ததுக்கே ரசிகர்கள் கலங்கிப் போனாங்க, 2023ல ஹாலிவுட் ஸ்ட்ரைக் நேரத்துல எடுத்த வரைக்கும் பார்த்துட்டு டீமையே மாத்தி கதையைத் திருப்பி எழுதுனாங்க, அப்புறம்தான் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தாங்க. கூட்டிட்டு வந்து முதல் எபிசோடு ஆரம்பத்துலயே ஃபாகியைச் சுட்டுட்டாங்க. சுட்டது அதே டெக்ஸ். நாப்கின்ல எழுதின அந்த மூணு பேருக்காக ஆறரை வருஷம் காத்திருந்தவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு சொல்லத் தேவையில்ல. எனக்கு அது கதைக்காக எடுத்த தைரியமான முடிவாவும் தெரிஞ்சுது, நெஞ்சுல குத்துனாப்லயும் இருந்துச்சு.

இன்னொரு வகை கேன்சல் இருக்கு, அதுதான் ரொம்ப வலிக்கும். ஐ ஆம் நாட் ஓகே வித் திஸ், 2020 பிப்ரவரியில வந்த ஏழே ஏழு குட்டி எபிசோடு. கோவம் வந்தா பொருளெல்லாம் பறக்குற ஒரு ஸ்கூல் பொண்ணு, சோஃபியா லில்லிஸ் நடிச்சது. கடைசியில உடம்பு பூரா ரத்தத்தோட ஓடி ஒரு டவர் மேல ஏறி நிப்பா, நிழல்ல ஒருத்தன் வருவான், நான் பயப்படணுமான்னு அவ கேப்பா, அவங்கதான் பயப்படணும்னு அவன் சொல்லுவான். அவ்ளோதான். ரெண்டாவது சீசன் வரும்னு முடிவாகி, அப்புறம் ஆகஸ்ட்ல கோவிட் காரணமா இல்லன்னு கேன்சல் பண்ணிட்டாங்க. உலகமே நின்னு கிடந்த நேரம், ஷூட்டிங் செலவு, நடிகர்கள் தேதி எல்லாம் குழம்பிருச்சு, அது நிஜம்தான். ஆனா இதுல திட்டுறதுக்குக்கூட சரியா ஆள் கிடைக்கல, அதான் வலி ஜாஸ்தி. ஓடலன்னு நிறுத்துனா ஒரு ஆறுதல் இருக்கும்.

சில சமயம் ரொம்ப லேட்டாவும் நல்லது நடக்கும். யங் ஜஸ்டிஸ் அனிமேஷனை 2013ல கார்ட்டூன் நெட்வொர்க் நிறுத்துச்சு, பொம்மை வியாபாரத்துல இருந்து வந்த காசு நின்னதுதான் காரணம்னு அதை உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான கிரெக் வைஸ்மேனே சொல்லியிருக்காரு. ஸ்ட்ரீமிங்ல இருந்த பழைய எபிசோடுகளை ரசிகர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க, பாருங்க பாருங்கன்னு மத்தவங்களையும் பார்க்க வச்சாங்க, 2016 நவம்பர்ல மூணாவது சீசன் அறிவிப்பு வந்துச்சு, 2019 ஜனவரியில சீரீஸே வந்துச்சு. கத்துறதை விட பார்க்குறது பலமா வேலை செஞ்ச இடம் அது.

ஆனா பழசு இருந்தாத்தானே பார்க்க முடியும். 2023 மே மாசம் மார்வெலோட ரன்அவேஸ் மூணு சீசனையும் டிஸ்னி பிளஸ்ல இருந்தும் ஹுலுல இருந்தும் எடுத்துட்டாங்க, கணக்குப் புத்தகத்துல செலவைக் கழிக்க நிறைய டைட்டில்களைத் தூக்குனாங்க, அதுல இதுவும் போச்சு. அவங்களே எடுத்த சீரீஸ், அவங்க சர்வீஸ்லயே இல்லாம போச்சு. கேன்சல் ஆனாக்கூட இருக்குறதையாவது திரும்பிப் பார்க்கலாம், புதுசா ஒருத்தருக்குக் காட்டலாம்னு இருந்த நம்பிக்கையும் இதோட ஆட்டம் கண்டுருச்சு, இதுக்கு அப்புறம்தான் டிஸ்க் வாங்கி வைங்கன்னு ரசிகர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்றது அதிகமாச்சு.

ரசிகர்கள் கேக்குறது என்னன்னு கூர்ந்து பார்த்தா பத்து சீசன் குடுன்னு யாரும் கேக்கல. முடிச்சுக் குடுன்னு கேக்குறாங்க. அது முடியாத காரியமும் இல்ல. சென்ஸ்8ஐ 2017 ஜூன்ல நெட்ஃப்ளிக்ஸ் நிறுத்துச்சு, ரசிகர்கள் விடல, ஒரு வருஷத்துல ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு ஸ்பெஷல் எபிசோடு எடுத்து கதையை மூடுனாங்க. அவசர அவசரமா இருந்துச்சு, சில கதை பாதியில தாவுச்சு, ஆனாலும் பார்த்தவங்க நிம்மதியா எழுந்து போனாங்க. டிசியோட டூம் பட்ரோல், டைட்டன்ஸ் சீரீஸ் ரெண்டும் நாலாவது சீசனோட முடியுதுன்னு 2023 ஜனவரியில சொல்லிட்டு மிச்ச எபிசோடுகளைப் போட்டாங்க, ரெண்டுக்கும் முடிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, வருத்தம் இருந்துச்சே தவிர கோவம் அவ்வளவா இல்ல. ஒரு சீசனுக்கு ஓகே சொல்லும்போதே, ஓடலன்னா கடைசியா ஒரு எபிசோடு எடுக்குறதுக்கான காசையும் ஒதுக்கி வச்சா என்ன, கேமரா முன்னாடி நிக்கிற நடிகர்கள் கலைஞ்சு போறதுக்கு முன்னாடி அதை எடுத்து வச்சுக்கிட்டா என்ன, ரெண்டாவது சீசன் வந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டுப் போகட்டும். மொத்த பட்ஜெட்ல அது ஒரு எபிசோடு செலவு.